பிரித்து எழுதுக

பட்டரவாக்கம்
16.6.2024

அன்பு மகள் வசந்தகுமாரிக்கு உன் நைனா துலுக்கானம் தன் கையால் எழுதும் கடிதம்.

தன் கையால் என்பதை இன்னொரு முறை படித்துக்கொள். இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் நான் சொல்லி மோனிஷா எழுதியது. இது நான் எழுதுவது. இந்த மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மோனிஷாவைத் தடுத்து வைத்திருந்தேன். எழுத வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஐந்து மாதம் ஆயிற்று. வகுப்பில் நான்தான் வயதில் பெரியவன். ராஜகுமாரி டீச்சர் என்னைப் பார்த்து, "தாத்தா, உங்க ழ மட்டும் வாலைச் சுருட்டிக்கினு படுத்துக்குது, தட்டி எழுப்புங்க" என்கிறாள்.

போன வாரம் ரிஜிஸ்டர் தபால் வந்தது. தபால்காரர் வழக்கம் போல மை டப்பாவைத் திறந்தார். "மூடு அதை, பேனாவைக் குடு" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். து போட்டு லு போடும்போது பேனா கோட்டை இடித்தது. ஆனாலும் கட்டத்துக்குள் முடித்துவிட்டேன்.

பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். ஐயப்பன்தாங்கல் என்பது பெரிய பெயர். நான் தாங்கலுக்கு வருவதற்குள் பஸ் போய்விடுகிறது. இண்டஸ்டிரியல் எஸ்டேட் காம்பவுண்டு சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படித்தேன். முப்பத்தொரு வருஷம் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தபோது தினமும் நான் எதற்காக அந்தச் சுவர் ஓரம் நின்றேனோ, அதைச் செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறது. உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

பிரஸ் சத்தத்தில் போன காது திரும்பி வரப் போவதில்லை. போனில் நீ பேசுவது எனக்கு எறும்பு நடப்பது போலக் கூடக் கேட்பதில்லை. மோனிஷா கேட்டு என் காதில் கத்துகிறாள். நீ பத்துச் சொன்னால் இரண்டுதான் எனக்கு வருகிறது. இனி நமக்குள் கடிதம். நீயும் எழுது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெரிதாக, பிரித்துப் பிரித்து, அச்சு மாதிரி எழுது. சேர்த்து எழுதினால் எனக்குத் தெரியாது.

உறையின் மேல் உன் மஸ்கட் விலாசம் இங்கிலீஷ். அதை மட்டும் மோனிஷா எழுதினாள்.

உன் நைனா
வே. துலுக்கானம் (கையெழுத்து)


மஸ்கட்
2.7.2024

அன்புள்ள நைனாவுக்கு வசந்தா எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. இந்த வீட்டு டிரைவர் ஜேம்ஸ் அண்ணன் தபால் பெட்டியில் இருந்து கொண்டு வந்தார். சமையல் கட்டில் நின்று படித்தேன். சிரித்தேன். அப்புறம் அழுதேன். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க நேரம் ஆகிவிட்டது. மேடம் திட்டினாள். பரவாயில்லை.

நைனா, பிரித்து எழுதியிருக்கிறேன். படிக்க வருகிறதா?

மோனிஷாவைப் பற்றி எழுதுங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்தான் போன். "நல்லா கீறேன்மா, சாப்பிட்டேன்மா" என்று சொல்லி வைத்து விடுகிறாள். பதினொன்றாம் வகுப்பு எப்படிப் போகிறது? யாரோடு பேசுகிறாள்? தலை வாரிக்கொள்கிறாளா? அவள் அப்பா போன பிறகு அவள் பக்கத்தில் நான் இருந்தது எட்டு மாதம்தான். அவள் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். போட்டோ அனுப்பச் சொன்னால் பூனை போட்டோ அனுப்புகிறாள்.

ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் முடிந்தது. பிப்ரவரியில் வந்துவிடுவேன்.

உங்கள் மகள்
வசந்தா


பட்டரவாக்கம்
21.7.2024

அன்பு மகள் வசந்தாவுக்கு நைனா எழுதுவது.

உன் கடிதத்தை இரண்டு நாளில் படித்து முடித்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. "ஒப்பந்தம்" என்ற சொல்லில் மட்டும் ஒரு ராத்திரி தங்கினேன்.

மோனிஷாவின் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நன்றாக இருக்கிறது. முன்னைவிட இப்போது அதிகம் சிரிக்கிறாள். அதற்குக் காரணம் உண்டு. அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன்.

நம் மோனிஷா சினிமாவில் நடிக்கப் போகிறாள். பயப்படாதே. பெரிய சினிமா இல்லை, குறும்படம். அவள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவை வீடியோ எடுக்க வந்தவர் பெயர் கோகுல்நாத். மோனிஷா மேடையில் பேசியதைப் பார்த்து, இந்த முகத்தைத்தான் என் படத்துக்குத் தேடிக்கொண்டிருந்தேன் என்றாராம். நேராக வீட்டுக்கு வந்து என்னிடம் அனுமதி கேட்டார். வெள்ளைக் கார். பலாச்சுளையும் ஒரு பேனாவும் கொண்டு வந்தார். பேனா எனக்கு. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன், எவ்வளவு வழவழப்பாகப் போகிறது பார்.

வசந்தா, ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுவார்கள். நீயும் கத்துவாய். அவர் கத்தவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒரு சொல் தவறாமல் கேட்டது. எனக்குக் கேட்கிற மாதிரி பேசுவது இவ்வளவு சுலபம் என்று வேறு யாருக்கும் இத்தனை வருஷம் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கதையின் முதல் பக்கத்தை என்னையே படிக்கச் சொன்னார். காத்திருந்து கேட்டார். ஒரு பள்ளிக்கூடப் பெண். அவள் அம்மா வெளிநாட்டில் இருக்கிறாள். வீட்டில் வயதானவர் ஒருவர். பெண்ணுக்குப் பள்ளிக்கூடமும் வீடும் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அவளைவிட மூத்தவர் ஒருவர் வருகிறார். கடற்கரை, நல்ல ஓட்டல், பாட்டுக் கச்சேரி என்று கூட்டிப் போகிறார். அவளுக்குக் கண் திறக்கிறது. நம் வீட்டைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது, என்ன அதிசயம்.

"அப்பால இன்னா ஆவுது?" என்று கேட்டேன்.

"முடிவு இன்னும் எழுதல ஐயா. பாப்பா நடிக்கட்டும், தானா வரும்" என்றார்.

அந்த மூத்தவராக யார் நடிக்கிறார் என்று கேட்டேன். ஆள் கிடைக்கவில்லையாம். அவரே நடிக்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் ஷூட்டிங். படிப்பு கெடாது என்று அவரே முதலில் சொல்லிவிட்டார்.

உன் நைனா
வே. துலுக்கானம்


மஸ்கட்
5.8.2024

அன்புள்ள நைனாவுக்கு வசந்தா எழுதுவது.

நைனா, எனக்கு மனம் சரியாக இல்லை. கீழே கேட்டிருப்பதற்கு எல்லாம் பதில் எழுதுங்கள்.

அவருக்கு என்ன வயது? கல்யாணம் ஆகிவிட்டதா? வீடு எங்கே? ஷூட்டிங்கில் வேறு பெண்கள் இருக்கிறார்களா? கேமரா பிடிப்பவர் யார்? மோனிஷாவோடு யார் போகிறார்கள்?

அவளைத் தனியாக அனுப்ப வேண்டாம். நீங்கள் போங்கள். முடியாவிட்டால் எதிர் வீட்டு ஜமீலா அக்காவை அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை மோனிஷாவிடம் கேட்டேன். "நீ அங்க குந்திக்கினு எதுக்கு எல்லாத்தையும் சந்தேகப்படற?" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

உங்கள் மகள்
வசந்தா


பட்டரவாக்கம்
18.8.2024

அன்பு மகள் வசந்தாவுக்கு நைனா எழுதுவது.

நீ கேள்வித்தாள் மாதிரி எழுதியிருந்தாய். எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

வயதைக் கேட்டேன். சிரித்துவிட்டு, "மனசுக்கு இருவது ஐயா, ஆதார் கார்டுல மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டாங்க" என்றார். பார்த்தால் முப்பத்தைந்து இருக்கும். கல்யாணத்தைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கௌரவமான ஆளை அப்படிக் கேட்பார்களா? ஜமீலா தன் மகள் பிரசவத்துக்குப் பூந்தமல்லி போயிருக்கிறாள். அதனால் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போனேன். வேலப்பன்சாவடியில் மாடியில் அவருடைய ஆபீஸ். செங்குத்தான படி, என் முட்டிக்கு ஆகாது. "நீங்க கீழ டீக்கடையில குந்திக்கினு போர்டெல்லாம் படிச்சிக்கினு இருங்க ஐயா, ரெண்டு மணி நேரத்துல வந்துடறோம்" என்றார். டீயும் வடையும் சொல்லிவிட்டுப் போனார். பதினேழு போர்டு படித்தேன். அதில் ஐந்து காலேஜ். கேமராக்காரரை நான் பார்க்கவில்லை. மேலே இருந்திருப்பார்.

மோனிஷா கீழே வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. நீ கேட்ட முகம் அதுதான். நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நல்ல செய்தி. கடிதம் எழுதுவதில் நான் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். சொந்தக் கடிதம் வந்துவிட்டது, அலுவலகக் கடிதம்தான் கஷ்டம் என்று மோனிஷா சொன்னாள். அவளே எனக்குப் பயிற்சி கொடுக்கிறாள். விடுப்புக் கடிதம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

"மதிப்பிற்குரிய வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு, என் பேத்தி மோனிஷாவுக்குக் காய்ச்சலாக இருப்பதால் அவளுக்கு ஒரு முழு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தாத்தா."

"பணிவுடன்" என்பதை இப்போது கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். தேதி மட்டும் போட வேண்டாம், அந்த இடத்தை விட்டு வை, அதை அப்புறம் கற்றுத் தருகிறேன் என்றாள். ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை வயிற்றுவலி, ஒரு தடவை உறவினர் வீட்டுத் திருமணம். இது வரைக்கும் ஏழு எழுதிவிட்டேன். எழுதியதை அவள் திருத்துவதற்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். "சூப்பரா கீது தாத்தா, டீச்சரே நம்பிடுவாங்க" என்று சொன்னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது.

உன் நைனா
வே. துலுக்கானம்


மஸ்கட்
1.9.2024

நைனா உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது ஜேம்ஸ் அண்ணன் காரில் காத்திருக்கிறார் இதை அவரிடம் இப்போதே கொடுத்தால்தான் இன்றைக்குத் தபாலில் சேரும் அதனால் அவசரமாக எழுதுகிறேன் அது பயிற்சி இல்லை நைனா நீங்கள் எழுதிய விடுப்புக் கடிதத்தை எல்லாம் அவள் நிஜமாகவே பள்ளிக்கூடத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் தேதியை அவளே போட்டுக்கொள்கிறாள் அந்த நாள் எல்லாம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை அவனோடு போகிறாள் உங்களுக்குப் புரிகிறதா அவன் படம் எடுக்கவில்லை கேமராக்காரனை நீங்களும் பார்க்கவில்லை வேறு ஆளும் இல்லை அந்தக் கதை அவளை மயக்கச் சொல்கிற கதை நைனா நாளைக்கே நீங்கள் பள்ளிக்கூடம் போய் வகுப்பு டீச்சரைப் பாருங்கள் எத்தனை நாள் வரவில்லை என்று கேளுங்கள் அவளை வீட்டை விட்டு எங்கும் அனுப்பாதீர்கள் அவளை அடிக்க வேண்டாம் திட்ட வேண்டாம் அவள் குழந்தை நைனா அவளுக்குப் பதினாறு வயது அவன்தான் குற்றவாளி அவனை வீட்டுக்குள் விடாதீர்கள் போன வெள்ளிக்கிழமையே ஜமீலா அக்காவுக்கு நான் போன் செய்தேன் அவள் பூந்தமல்லியில் இருந்து வந்ததும் பார்க்கிறேன் என்றாள் இந்தக் கடிதத்தை மோனிஷாவிடம் காட்ட வேண்டாம் அவளுக்குத் தெரிந்தால் என்ன செய்வாளோ எனக்கு இங்கே கையும் காலும் ஓடவில்லை

வசந்தா


பட்டரவாக்கம்
15.9.2024

அன்பு மகள் வசந்தாவுக்கு நைனா எழுதுவது.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஏனம்மா இப்படி எழுதிவிட்டாய்? எழுத்தெல்லாம் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவது போல இருந்தது. முதலில் "நைனா" என்பதைக் கண்டுபிடித்தேன். நடுவில் ஓர் இடத்தில் "மோனிஷா" கண்டுபிடித்தேன். மற்றது ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் இருந்து மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் அவள் வந்ததும் அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

அவள் முதலில் தனக்குள் படித்தாள். வெகு நேரம் படித்தாள். கண் கலங்கியது. அம்மா கடிதம் என்றால் பிள்ளைக்கு இருக்காதா? அப்புறம் என் காதில் படித்துக் காட்டினாள்.

என்மேல் உனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று நீ எழுதியதைக் கேட்டு மனம் நிறைந்தது. கோகுல்நாத்துக்கு உன் வணக்கத்தைச் சொல்லச் சொல்லியிருந்தாய். சொன்னேன். காலாண்டுத் தேர்வு லீவில் பாண்டிச்சேரியில் நடக்கும் ஷூட்டிங்குக்கு மோனிஷாவை அனுப்பி வைக்கச் சொல்லியிருந்தாய். நான் முதலில் யோசித்தேன். வெளியூர், இரண்டு நாள். ஆனால் பெற்றவளே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? 28ஆம் தேதி சனிக்கிழமை போகிறார்கள். இன்னும் இரண்டு பெண்கள் கூட வருகிறார்களாம்.

நீ எழுதியது ஒன்றே முக்கால் பக்கம். அவள் படித்ததோ கொஞ்சம்தான். சேர்த்து எழுதினால் இடம் அதிகம் பிடிக்கும் போலிருக்கிறது. அதனால் அடுத்த முறை பிரித்தே எழுது.

உன் நைனா
வே. துலுக்கானம்


மஸ்கட்
16.9.2024

நைனா.

இதை நீங்களே படியுங்கள்.
யாரிடமும் கொடுக்காதீர்கள்.
மோனிஷாவிடம் கொடுக்காதீர்கள்.

போன கடிதத்தைச் சேர்த்து எழுதிவிட்டேன்.
தபாலில் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.
அதில் எழுதியது இதுதான்.

அவன் கெட்டவன்.
படம் இல்லை. எல்லாம் பொய்.
நீங்கள் எழுதிய லீவு கடிதம் எல்லாம் பள்ளிக்குப் போனது.
அந்த நாளில் எல்லாம் மோனிஷா அவனோடு போனாள்.

அவளை எங்கும் அனுப்பாதீர்கள்.
ஜமீலா அக்கா போனை எடுக்கவில்லை.
உடனே அவள் வீட்டுக்குப் போங்கள்.
இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுங்கள்.
அவள் 1098க்குப் போன் போடுவாள். அது குழந்தைகளைக் காப்பாற்றும் நம்பர்.

மோனிஷாவை அடிக்காதீர்கள்.

வசந்தா


பட்டரவாக்கம்
6.10.2024

அன்பு மகள் வசந்தாவுக்கு.

ஜமீலா உன்னிடம் போனில் எல்லாம் சொல்லியிருப்பாள். ஆனாலும் நைனா எழுதட்டும், ஒன்று விடாமல் எழுதட்டும் என்று சொன்னாயாம். எழுதுகிறேன். ஒரு வாரமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கார் வந்தது. இன்னும் இரண்டு பெண்கள் எங்கே என்று கேட்டேன். அவர்களை வழியில் ஏற்றிக்கொள்கிறோம் என்று என் காதில் சொன்னார். மோனிஷா நீலச் சுடிதார் போட்டிருந்தாள். நான் வாசலில் நின்று கை ஆட்டினேன்.

பத்தரை மணிக்குத் தபால்காரர் வந்தார். உறையைப் பிரித்தேன். வசந்தா, நீ எழுதியிருந்த ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஒரு காகிதத்தை மேலிருந்து கீழ் வரை நிற்காமல் நான் படித்தது அதுதான் முதல் தடவை. படித்து முடித்ததும் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர்தான் என்னைப் பிடித்துக்கொண்டு போய் ஜமீலா வீட்டில் விட்டார். அவள் இரண்டு நாள் முன்னால்தான் திரும்பி வந்திருந்தாள்.

"அண்ணாத்தே, வண்டி நம்பர் இன்னா?" என்று கேட்டாள்.

முதலில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து, அது எனக்கு வராது. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும். 4172. எதைப் பார்த்தாலும் படித்துக்கொண்டிருந்தேன் அல்லவா, அதையும் படித்து வைத்திருந்தேன். ஜமீலா போன் போட்டாள். அங்கிருந்து ஒரு பெண் வந்து எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். அவன் மகாபலிபுரம் வழியாகச் சுற்றாமல் நேர் ரோட்டில் போயிருக்கிறான். நடுவில் சாப்பிட நிறுத்தியதால்தான் நேரம் கிடைத்தது. மதுராந்தகம் தாண்டி ஒரு டோல்கேட்டில் மடக்கிவிட்டார்கள். அப்போது மணி ஒன்று. வேறு பெண்கள் யாரும் இல்லை. படம் எடுக்கப் போன காரில் கேமராவும் இல்லை.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவன் பெண்டாட்டி வந்தாள். திருநின்றவூராம். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஐந்தாவது படிக்கிற பெண் பிள்ளை ஒன்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மோனிஷா அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெண்டாட்டி யாரையும் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் புட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முதல் தடவை இல்லை போலிருக்கிறது.

அவனை உள்ளே கூட்டிப் போகும்போது என் பக்கம் குனிந்தான். அப்போதும் கத்தவில்லை. எனக்கு நன்றாகக் கேட்கும்படி, "ஐயா, நீங்கதான அனுப்பி வெச்சீங்க?" என்றான்.

அனுப்பி வைத்தேன்தான்.

ஆட்டோவில் வரும்போது மோனிஷா பேசினாள். ஜமீலா பக்கத்தில் இருந்து கேட்டு எனக்கு அப்புறம் சொன்னாள். நீ ஒன்று விடாமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

"ஏன் ஆன்ட்டி போலீஸ்கிட்ட போனீங்க? அவரு என்னான்னு கேப்பாரு, நான் பேசறத கேப்பாரு. அம்மான்னா வாரத்துக்கு அரை மணி, தாத்தான்னா கத்தணும். நான் யார்ட்ட பேசுவேன்?"

ஜமீலா, "அடியே, அவனுக்குப் பொண்டாட்டி கீறா, உன் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தா, பாக்கல?" என்று கேட்டிருக்கிறாள்.

"பாத்தேன்" என்றாளாம். அதோடு சரி. அதற்குப் பிறகு இன்று வரை வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு டீச்சர் ரேவதி லீவிலும் வந்திருந்தார். ஒரு கவரில் இருந்து பதினோரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் பரப்பினார். "இவ்வளவு அழகா, கவனமா எழுதியிருக்கற பெரியவர் பொய் சொல்ல மாட்டார்னு நினைச்சேன்" என்றார். எழுத்து என்னுடையதுதான். ஒவ்வொன்றிலும் ழ சரியாக நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் அம்மா பார்த்துவிட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார். கேஸ் எழுதியிருக்கிறார்கள். அவன் உள்ளே இருக்கிறான். கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிடுவான் என்றும் சொல்கிறார்கள். ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போன அந்தப் பெண் நாள் விட்டு நாள் வந்து மோனிஷாவோடு பேசிப் பார்க்கிறாள். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

மோனிஷாவின் போனை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருந்தாலும் தெருவில் கார் நிற்கும்போதெல்லாம் அவள் தலை நிமிர்கிறது. எனக்குக் கார் சத்தம் கேட்காது. அவள் நிமிர்வதைப் பார்த்துத்தான் கார் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். உடனே நான் எழுந்து போய் வாசலில் நிற்கிறேன். தண்ணீர் லாரி, இல்லாவிட்டால் எதிர் வீட்டுக்கு வந்த வண்டி. திரும்பி உள்ளே வருகிறேன். அவள் மறுபடி குனிந்துகொள்கிறாள். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று தெரியவில்லை.

அவள் எதிரில் உட்கார்ந்து, "என்னாண்டையே பேசு கண்ணு, கத்தியே பேசு" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வசந்தா, நான் சந்தோஷமாக இருந்தேன். அது ஒன்றுதான் நான் செய்த தப்பு. எழுத வந்துவிட்டது என்கிற சந்தோஷத்தில், என்ன எழுதுகிறேன் என்று பார்க்கவில்லை.

நீ வர முடியுமா?

உன் நைனா
துலுக்கானம்


மஸ்கட்
20.10.2024

அன்புள்ள நைனாவுக்கு வசந்தா எழுதுவது.

பிரித்து எழுதியிருக்கிறேன். நீங்களே படியுங்கள்.

மேடத்திடம் கேட்டேன். காலைப் பிடித்துக் கேட்டேன். அவள் நல்லவள்தான். என்னோடு சேர்ந்து அழுதாள். ஆனால் பாட்டியம்மாவைப் பார்க்க வேறு ஆள் வர வேண்டும், ஆபீசில் விசா காகிதம் மாற வேண்டும் என்கிறாள். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. பிப்ரவரிக்கு முன்னால் வழி இல்லை. இந்தக் கையால் தினமும் இன்னொருவர் அம்மாவுக்குத் தலை வாரி விடுகிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நான் பொய்யாக எழுதவில்லை. மோனிஷா யாரிடம் பேசுவேன் என்று கேட்டது என்னைப் பார்த்து. உங்களைப் பார்த்து இல்லை. நீங்கள் கூடவாவது இருந்தீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை ஜேம்ஸ் அண்ணன் கொடுத்தபோது உறையைப் பிரிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. உங்கள் எழுத்து இப்போது மிகவும் அழகாக வருகிறது, நைனா. அதைப் பார்த்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறேன். அந்தப் பதினோரு காகிதம்தான் கண்முன்னால் வருகிறது. இது சரி இல்லை என்று தெரிகிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதனால் கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம். வகுப்புக்குப் போவதை நிறுத்தாதீர்கள். ராஜகுமாரி டீச்சருக்கு எழுதிக் காட்டுங்கள். எனக்கு மட்டும் வேண்டாம். எப்போது எழுதலாம் என்று நானே சொல்கிறேன்.

இனி வெள்ளிக்கிழமை தோறும் உங்கள் ஊர் நேரம் மாலை நான்கு மணிக்கு ஜமீலா அக்காவின் போனில் கூப்பிடுவேன். போனை மோனிஷா பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அவள் பேச வேண்டாம். என்னோடு பேசு என்று யாரும் அவளைக் கெஞ்சவும் வேண்டாம். நான் பேசிக்கொண்டிருக்கிறேன். என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு என்ன சமைத்தேன், பாட்டியம்மா என்ன சொன்னாள், வாசலில் எந்தப் பூனை வந்தது என்று எதையாவது சொல்கிறேன். அரை மணி நேரம் முடிகிற வரைக்கும் சொல்கிறேன்.

நடுவில் அவள் எழுந்து போய்விட்டால் போனை அணைக்க வேண்டாம். அவள் போனது எனக்குத் தெரியப் போவதில்லை. ஜமீலா அக்காவும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்
வசந்தா